விசேஷமானி

மனிதகுலம் முதலில் நெருப்பைக் கண்டது. பிறகு சக்கரம், அதன்பின் எழுத்து. இந்த வரிசையில் நான்காவதாக வைத்து எண்ணத்தக்க மாபெரும் நிகழ்வு 2057ஆம் ஆண்டு ஆவணி மாதம், மாநிலக் குடிநல வாரியத்தின் மூன்றாம் மாடிக் கூட்ட அறையில், மின்விசிறி பழுதாகியிருந்த ஒரு முற்பகலில் நிகழ்ந்தேறியது என்று வாரியம் மிகுந்த பணிவோடும் அதைவிட மிகுந்த பெருமையோடும் அறிவித்தது. கருவள நிபுணரிடம் போவதற்கான பரிந்துரையை யாருக்கு முதலில் தருவது என்ற கேள்விக்கு விடை கிடைத்துவிட்டது. இனி அதை ஒரு கருவி முடிவு செய்யும்.

அப்போது மாநிலத்தில் அரசுக் கருவள நிபுணர்கள் நாற்பத்தொரு பேர் இருந்தார்கள். அறிவிப்பில் இந்த எண் வரவில்லை. இடம் போதவில்லையாம்.

கருவியின் முழுப்பெயர் சமூக வினா அழுத்த அளவி. புளியங்கொட்டை அளவுதான் இருக்கும். காதுக்குப் பின்னால் ஒட்டிக்கொள்ள வேண்டும். பிள்ளையில்லாத தம்பதியிடம் யாராவது "ஏதாவது விசேஷம் உண்டா?" என்று கேட்டால் அது ஒருமுறை மெல்ல அதிரும், ஒரு புள்ளி ஏறும். வாரியத்தைத் தவிர மற்ற எல்லோரும் அதை விசேஷமானி என்றே அழைத்தார்கள்.

இதற்குப் பின்னால் கடும் உழைப்பு இருந்தது. முன்பு வயதை வைத்து வரிசைப்படுத்திப் பார்த்தார்கள். ஆதார் அட்டைகள் இளமையாகிக்கொண்டே போயின. பரிசோதனை முடிவுகளை வைத்துப் பார்த்தார்கள். எல்லோர் முடிவும் ஒரே அளவுக்கு மோசமாக வந்தது. பிறகு பதினான்கு பேர் கொண்ட குழு ஏழு நாடுகளுக்குப் போய்த் திரும்பி, பிள்ளை இல்லாததால் உடம்பில் ஏறும் அழுத்தத்தைவிட, அதைப் பற்றி அடுத்தவர் கேட்பதால் ஏறும் அழுத்தம் மூன்று மடங்கு என்று வரைபடம் போட்டுக் காட்டியது. அப்படியானால் கேட்பதைத் தடை செய்யலாமே என்று ஒருவர் சொன்னார். மசோதாகூடத் தயாரானது. அதைத் தாக்கல் செய்யவிருந்த உறுப்பினர், அன்று காலை அவை வாசலில் புதுமாப்பிள்ளையான சக உறுப்பினர் ஒருவரைத் தோளில் தட்டி, "என்னப்பா, ஏதாச்சும் விசேஷமா?" என்று கேட்டுவிட்டார். மசோதா திரும்பப் பெறப்பட்டது. நிறுத்த முடியாததை அளந்துவிடுவது என்று முடிவாயிற்று.

அதிகம் கேட்கப்பட்டவர் அதிகம் நொந்தவர். நொந்தவருக்கே முதல் பரிந்துரை. ஓராண்டுக்குள் நானூறு புள்ளி வேண்டும். மனைவிக்கு முப்பத்தெட்டு வயது முடிவதற்குள் சேர்த்துவிட வேண்டும். முடிந்துவிட்டால் பெயர் பரிவுப் பட்டியலுக்கு மாறும். பரிவுப் பட்டியலிலிருந்து இதுவரை யாரும் அழைக்கப்பட்டதில்லை.

கோபிசெட்டிபாளையத்தின் பதினேழாவது வட்ட நலநிலையத்தில் செவிலியர் எப்சிபா, எதிரில் இருந்த தம்பதியின் கணக்கைத் திரையில் பார்த்தார். கீழே தள்ளிப் பார்த்தார். மேலே வந்தார்.

"மேடம், பத்து மாசம் ஆச்சு. பதினொரு புள்ளிதான் ஏறியிருக்கு."

"கருவி கெட்டுப்போச்சுங்களா?" என்றான் சஞ்சித்.

"கருவி சரியாத்தான் இருக்கு" என்றாள் மகிழினி. அவள் எடையளவுத் துறையில் ஆய்வாளர். கடைத் தராசுகளைச் சோதித்து முத்திரை வைப்பவள். ஒரு மானி பழுதா இல்லையா என்று அவளுக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. "தட்டுல ஒண்ணும் விழலை. அவ்வளவுதான்."

எப்சிபா பட்டியலை வாசித்தார். "தண்ணி கேன் போடுறவர் ஏழு தடவை கேட்டிருக்கார். ஜாதகம் பாக்கிற ஒருத்தர் ரெண்டு. வாக்காளர் கணக்கெடுப்புக்கு வந்தவங்க ஒண்ணு. சாரோட கருவில மொத்தமே ஒண்ணுதான்."

அதில் வியப்பில்லை. கணவன்மாரின் விசேஷமானிகள் மனைவியருடையதில் பன்னிரண்டில் ஒரு பங்குதான் காட்டும் என்பது வாரியத்தின் முதல் ஆண்டறிக்கையிலேயே வந்த உண்மை. கேட்பவர்கள் கணவனைச் சுற்றிக்கொண்டு மனைவியிடம்தான் வருவார்கள்.

"சொந்தக்காரங்க யாருமே இல்லையா மேடம் உங்களுக்கு?" எப்சிபாவின் குரலில் நிஜமான பரிதாபம் இருந்தது.

"முந்நூறு பேருக்கு மேல இருக்காங்க."

"பின்ன ஏன் யாரும் கேக்கலை?"

மகிழினியின் முப்பத்தெட்டாவது பிறந்தநாளுக்கு இன்னும் ஒன்பது வாரம் இருந்தது.

ஏன் யாரும் கேட்கவில்லை என்பது இருவருக்கும் தெரியும். ஐந்தாண்டுகளுக்கு முன் அவள் சித்தப்பா மகன் கல்யாணம். அதற்கு ஒரு மாதம் முன்புதான், பத்து வாரம் வளர்ந்திருந்த கரு நின்றுபோயிருந்தது. அது உண்டானதும் யாருக்கும் தெரியாது, நின்றதும் தெரியாது. பந்தியில் இலை போட்டு உட்கார்ந்திருந்தபோது நிவேதா அத்தை, அவள் அப்பாவின் தங்கை, நான்கு இலை தள்ளியிருந்து உரக்கக் கேட்டாள்: "ஏனம்மிணி, எப்பத்தான் நல்ல சேதி சொல்லப் போற?" மகிழினி எழுந்து நின்றாள். கையில் பருப்புச் சோறு. "நாங்க குழந்தையே வேண்டாம்னு முடிவு பண்ணிட்டோம். இனிமே யாரும் எங்களைக் கேக்க வேண்டாம்" என்று மண்டபம் முழுவதும் கேட்கச் சொன்னாள்.

பொய்தான். ஆனால் கச்சிதமான பொய். குடும்பக் குழுவில் அன்று மாலையே செய்தி பரவியது. சொத்துப் பிரிவினையிலிருந்து கோயில் தேதிவரை எதிலும் ஒத்துப்போகாத அந்தக் குடும்பம், வரலாற்றிலேயே முதல்முறையாக ஒருமனதாக ஒன்றைக் கடைப்பிடித்தது. யாரும் கேட்கவில்லை. அவள் அம்மாகூட.

அடுத்த இரண்டு வாரத்தில் அவர்கள் மூன்று கல்யாணம், ஒரு புதுமனைப் புகுவிழா, ஒரு பூப்பு நன்னீராட்டு ஆகியவற்றுக்குப் போனார்கள். வாசலில் சந்தனம் கொடுக்கும் இடத்தில் ஏற்கெனவே ஏழெட்டுத் தம்பதிகள் காதோரம் புளியங்கொட்டையோடு ஏக்கமாக நின்றிருந்தார்கள். விசேஷமானி வந்த பிறகு எந்த விருந்திலும் இப்படி ஒரு கூட்டம் இருந்தது; அழைக்காத வீட்டுக்கும் மொய்க் கவரோடு வந்தார்கள். அவர்களுக்கெல்லாம் அவ்வப்போது ஒன்றிரண்டு விழுந்தது. மகிழினி வந்தால் மட்டும் பேச்சு மழைக்கு மாறியது.

"அவிங்க கொள்கைக்காரங்க. அதையெல்லாம் கேக்கப்படாது" என்று ஒரு மாமா தன் மனைவியை அதட்டுவது காதில் விழுந்தது.

கல்லூரியில் படிக்கும் சித்தி மகள் ஒருத்தி ஓடிவந்து கையைப் பிடித்துக்கொண்டாள். "அக்கா, உங்களைப் பத்தித்தான் செமினார்ல பேசுனேன். எவ்வளவு தைரியம்! நீங்க மாறவே கூடாது."

விசேஷமானி அசையவில்லை.

பக்கத்து வீட்டுக்காரரிடம் சொல்லிவைத்துக் கேட்கச் சொன்னான் சஞ்சித். அவர் தொண்டையைச் செருமிக்கொண்டு, பள்ளி ஆண்டுவிழாவில் ஒப்பிப்பதுபோல, "ஏதாவது விசேஷம் உண்டா?" என்றார். பூஜ்யம். கருவி சொற்களை மட்டும் கேட்பதில்லை. குரலில் ஓடும் ஆவலையும் அளக்கிறது. தெரிந்துகொள்ளாவிட்டால் இன்று தூங்க முடியாது என்கிற அந்த நடுக்கம் இருந்தால்தான் புள்ளி. இருந்தால், வாயைத் திறந்து முழுதாகக் கேட்கக்கூட வேண்டாம், வயிற்றைப் பார்த்துவிட்டு "அப்பறம்?" என்று இழுத்தாலே போதும்.

"நிவேதா அத்தைகிட்டப் போலாம் மாமா" என்றாள் மகிழினி.

சஞ்சித் அவளைப் பார்த்தான். "அங்க போனா மொதல்ல மன்னிப்புக் கேக்கணும்."

"கேக்கறேன்."

நிவேதா அத்தை முப்பது ஆண்டுகள் பள்ளிக்கூடங்களை ஆய்வு செய்து ஓய்வு பெற்றவள். இப்போதும் ஓயவில்லை. சத்தியமங்கலம் சாலையில் அவள் வீட்டு முன்னறைச் சுவரில் ஆறு குழந்தைகளின் படங்கள் இருந்தன. அவள் கேட்டுக் கேட்டுப் புள்ளி ஏற்றிவிட்ட தம்பதிகளின் குழந்தைகள். பக்கத்தில் வாரியம் கொடுத்த சான்றிதழ்: 'மாவட்டத்தின் தலைசிறந்த வினாவாளர்'. ஒரு காலத்தில் அத்தையைக் கண்டால் தெருவே கதவைச் சாத்தும். இப்போது அவளைத் தங்கள் வீட்டு விருந்துக்கு வரவழைக்க ஆட்கள் வெற்றிலைத் தட்டோடு காத்திருந்தார்கள். ஆனால் அத்தை எல்லோரையும் கேட்டுவிடமாட்டாள். தன் கேள்விக்கு மதிப்பு இருக்கிறது என்று தெரிந்த நாளிலிருந்து, தன் மகன் கல்யாணத்துக்கு வராதவர்கள், வந்தும் சாப்பிடாமல் போனவர்கள், தன் பெயரைப் பத்திரிகையில் மூன்றாவதாகப் போட்டவர்கள் ஆகியோரை அவள் ஒன்றுமே கேட்பதில்லை. "நல்லா இருக்கியா?" என்பாள். அத்தோடு சரி.

"வா கண்ணு" என்றாள். "நல்லா இருக்கியா?"

மகிழினிக்குப் புரிந்துவிட்டது.

"அத்தை, அன்னைக்குப் பந்தியில அப்படிப் பேசினது தப்புத்தான்."

"எனக்கு அதெல்லாம் ஞாபகமே இல்லை. கையில பருப்புச் சோத்தோட நின்னே. மஞ்சக் கலர் சீலை. மூணாவது பந்தி. எனக்கு ஞாபகமே இல்லை."

"நாங்க வேண்டாம்னு முடிவு பண்ணலீங்க அத்தை. அது பொய்."

அத்தை நிமிர்ந்தாள். மகிழினி சொன்னாள். பத்து வாரத்தைச் சொன்னாள், அதற்கு அடுத்த மாதம்தான் அந்தக் கல்யாணம் வந்தது என்று சொன்னாள். ஐந்து வருடம் யாரும் கேட்காதது நிம்மதியாக இருந்தது என்றும், இப்போது அதனாலேயே ஒரு டாக்டரைப் பார்க்க வழியில்லாமல் போய்விட்டது என்றும் சொன்னாள். தராசில் எடைக்கல்லைப் பார்த்துக் குறித்துக்கொள்ளும் அதே குரல்தான்.

அத்தை எழுந்து வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். அவள் கையைத் தன் மடியில் இழுத்து வைத்துக்கொண்டாள்.  பிறகு, கடமை நினைவுக்கு வந்தவளாக, மெதுவாகக் கேட்டாள்.

"ஏதாச்சும் விசேஷமா சாமி?"

விசேஷமானி அதிரவில்லை.

"வராது அத்தை. உங்களுக்குத்தான் எல்லாம் தெரிஞ்சு போச்சே."

வாரியத்தின் விதிப்புத்தகத்தில் அனுதாபத்துக்குப் புள்ளி கிடையாது.

அத்தைக்கு இது தொழில்முறையில் பெரிய அவமானம். மாவட்டத்தின் தலைசிறந்த வினாவாளரின் கேள்விக்குப் பூஜ்யம். உள்ளே போய்க் காபி போட்டுக்கொண்டு வந்தாள். மூன்று பேரும் குடித்தார்கள். பாதி டம்ளரில் அவள் நிறுத்தினாள்.

"அடுத்த ஞாயிறு உன் பெரியம்மா ரக்‌ஷிதா பேத்திக்குக் காதுகுத்து. மொத்த சனமும் வரும். நீங்க ரெண்டு பேரும் வந்து சும்மா நின்னாப் போதும்."

"எல்லார்கிட்டயும் கேக்கச் சொல்லப் போறீங்களா? அது எடுபடாதுங்க" என்றான் சஞ்சித்.

"கேளுன்னு சொன்னா நம்ம சனம் கேக்குமா மாப்ளே? கேக்காதீங்கன்னு சொல்லோணும்."

அன்றே அவள் மூன்று பேருக்குப் போன் செய்தாள். நான்காவது ஆளிடம் சொன்னால் அது வெறும் செய்தி. மூன்று பேரோடு நிறுத்தினால்தான் அது ரகசியம் என்பது அவள் கணக்கு. மூவரிடமும் ஒரே வாசகம்: "நம்ம மகிழினிய ஆஸ்பத்திரில பாத்தேன். பொம்பளைங்க வார்டுப் பக்கம். ஏன் எதுக்குன்னு மட்டும் அவகிட்டக் கேட்டுராதீங்க. உங்களுக்கு மட்டுந்தான் சொல்றேன்."

காதுகுத்து மண்டபத்தில் அவர்கள் செருப்பைக் கழற்றும்போதே முதல் அதிர்வு.

"வாங்க வாங்க. என்ன மகிழு, மொகமே ஒரு தினுசாத் தெளிஞ்சு கிடக்குது? ஏதாச்சும் விசேஷமுங்களா?"

"ஒண்ணுமில்லீங்க சித்தி."

"ஒண்ணுமில்லாமயா இந்தத் தெளிவு!"

அது இரண்டாவது புள்ளி. அதற்குப்பின் எண்ண நேரமில்லை. ஒரு பெரியம்மா அவள் பூவைச் சரிசெய்யும் சாக்கில் வயிற்றைத் தொட்டுப் பார்த்துவிட்டுப் போனாள். இன்னொருத்தி, "நான் ஒண்ணும் கேக்கலை அம்மிணி. நீயாச் சொல்லுவேன்னுதான் நிக்கறேன்" என்று கால்மணி நேரம் நின்றாள், கருவி அதற்கு நிமிடத்துக்கு ஒன்று கொடுத்தது. ஐந்தாண்டு அடக்கிவைத்த ஆவல். அணையைத் திறந்ததுபோல் வந்தது. மனைவியை அதட்டிய அந்த மாமா சஞ்சித்தை ஓரமாக அழைத்துப்போய், "சோறு எப்படி மாப்ளே?" என்றார். "நல்லா இருக்குதுங்க." "கொள்ளுப் பருப்பு?" "அதுவும் நல்லா இருக்குதுங்க." "அப்பறம்?" என்று இழுத்தார். சஞ்சித்தின் காதோரம் இத்தனை மாதத்தில் இரண்டாம் முறையாக அதிர்ந்தது. அவன் நெகிழ்ந்துபோய் அவர் கையைப் பிடித்துக் குலுக்கினான். அதை ஆமாம் என்று எடுத்துக்கொண்டு மாமா பந்திக்கு ஓடினார். அடுத்த சுற்று அங்கிருந்து கிளம்பியது.

செமினார் பேசிய சித்தி மகளும் வந்தாள். முகத்தில் ஏமாற்றம். "அக்கா, நிஜமாவா? அப்ப நம்ம கொள்கை?" அதற்கும் ஒரு புள்ளி.

மகிழினி சிரித்துக்கொண்டே நின்றாள். அந்த மண்டபத்தில் அவளுக்கு மட்டும் தெரிந்த ஒன்று இருந்தது: ஒவ்வொரு கேள்வியும் பழைய இடத்திலேயேதான் போய்க் குத்தியது. ஐந்து வருடத்தில் அந்த இடம் மரத்துப்போயிருக்கும் என்று நினைத்திருந்தாள். குத்தும்போதெல்லாம் காதோரம் இதமாக அதிர்ந்தது. இருநூற்றுப் பத்து. இருநூற்றுப் பதினொன்று. தாங்கிக்கொள்ளலாம் என்று தோன்றியது.

கை கழுவும் இடத்தில் அவள் அம்மா ஷாலினி பின்னால் வந்து நின்றாள். குழாயைத் திறந்துவிட்டாள். மகள் கழுவி முடித்ததும் முந்தானையை நீட்டினாள்.

"உடம்புக்கு என்ன கண்ணு?"

கருவி அசையவில்லை. அந்தக் கேள்வி வாரியத்தின் பட்டியலிலேயே இல்லை.

"ஒண்ணுமில்லம்மா" என்றாள் மகிழினி. கையைத் துடைத்துக்கொண்டாள். முந்தானையை உடனே விட்டுவிடவில்லை.

மாலை நான்கு மணிக்குக் கணக்கு நானூற்று முப்பத்தொன்று. பிறந்தநாளுக்கு ஐந்து வாரம் மீதமிருந்தது. திரும்பும் வழியில் சஞ்சித் ஒரு கையால் வண்டி ஓட்டிக்கொண்டு மறுகையால் அவள் கையைப் பிடித்திருந்தான். இரண்டு பேரும் பிள்ளைக்குப் பெயர் எதுவும் பேசவில்லை. ஆனால் இரண்டு பேரும் யோசித்தார்கள்.

திங்கட்கிழமை எப்சிபா திரையைப் பார்த்ததும் எழுந்தே நின்றுவிட்டார். "வாழ்த்துகள் மேடம்! ஒரே நாள்ல நானூத்தி இருபது!" பரிந்துரைக் கடிதம் அச்சாகி வெளியே வந்தது. வாரியத்தின் தங்கநிற முத்திரை, கீழே இரண்டு கையெழுத்து, அதற்கும் கீழே நிபுணரைச் சந்திக்கும் தேதி. எப்சிபா அதைப் பெருமையோடு நீட்டிவிட்டு, தேதியைப் பார்த்துப் பாதி வழியில் கையைப் பின்னால் இழுத்தார்.

மகிழினி வாங்கிப் பார்த்தாள்.

"இது இருபத்திமூணு மாசம் கழிச்சு."

"ஆமா மேடம்."

"புள்ளி ஏறிட்டா மூணு வாரத்துல கூப்பிடுவோம்னு சொன்னீங்க?"

"சொன்னோம் மேடம். போன மாசம் வரைக்கும் அப்படித்தான். இப்ப எல்லாருக்குமே ஏறிருச்சு." எப்சிபா திரையை அவர்கள் பக்கம் திருப்பினார். "அந்த 'கேட்டுராதீங்க' முறை இருக்கில்ல? உங்க அத்தை தன்னோட ஆறு தம்பதிகளுக்கும் சொல்லியிருக்காங்க. அவங்க ஆளுக்கு ஆறு பேருக்கு. பத்து நாள்ல மாநிலம் பூரா ரெண்டே முக்கால் லட்சம் தம்பதிங்க நானூறைத் தாண்டிட்டாங்க. எல்லாரும் சமமா நொந்துட்டாங்கன்னா அப்பறம் விண்ணப்பிச்ச தேதிதான். பழைய வரிசைதான்."

"அப்ப எனக்கு நாப்பது ஆயிரும்."

"அது பிரச்சினையே இல்லை மேடம். பரிந்துரை முப்பத்தெட்டுக்குள்ள வாங்கிட்டீங்க. வயசு இனிமே கணக்குல வராது."

"உங்க கணக்குல" என்றாள் மகிழினி.

 கருவியைக் காதிலிருந்து கழற்றித் தரச் சொன்னார் எப்சிபா. பரிந்துரை கிடைத்தவர்கள் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும் என்பது விதி. மகிழினி கழற்றினாள். பழக்கத்தில் அதைத் திருப்பி அடியில் முத்திரை இருக்கிறதா என்று பார்த்தாள். இருந்தது. சரியான கருவி. மேசைமேல் வைத்தாள்.

வெளியே வந்தபோது நலநிலையத்து வாசலில் தண்ணீர் கேன் இறக்கிக்கொண்டிருந்தவர் அவளைப் பார்த்து முகமெல்லாம் மலர்ந்தார். "என்னுங்கக்கா, இங்கிருந்து வர்றீங்க? விசேஷமுங்களா?"

அதன்பின் நிற்கவே இல்லை. ஞாயிற்றுக்கிழமை கேட்டவர்களுக்கு இன்னும் பதில் வரவில்லை. எனவே திங்களன்றும் கேட்டார்கள், ஆடியிலும் கேட்டார்கள். இந்த முறை எழுந்து நின்று பொய் சொல்லியும் பயனில்லை, யாரும் நம்பமாட்டார்கள். அம்மா மட்டும் வாரம் ஒருமுறை வந்து, எதுவும் கேட்காமல், சமைத்து வைத்துவிட்டுப் போனாள்.

மாநிலத்தின் வினா அழுத்தம் வரலாறு காணாத உச்சத்தைத் தொட்டதைக் கொண்டாடி வாரியம் அந்த ஆண்டு விழா எடுத்தது. நிவேதா அத்தைக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். தேவையான புள்ளிகளை நானூறிலிருந்து எண்ணூறாக உயர்த்தும் ஆணையும், புதிய பணியிடம் ஒன்றுக்கான ஒப்புதலும் மேடையிலேயே வெளியாயின. பணியிடம், விசேஷமானிகளைப் பழுதுபார்க்கும் பொறியாளருக்கு.

கருவள நிபுணர்கள் நாற்பது பேர். ஒருவர் ஓய்வு பெற்றுவிட்டார்.